மொறுமொறு ஃபிங்கர் சிப்ஸ்: கிழங்கு விற்கும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



சமையல் குறிப்பு எழுதுவது மண்டிக்காரனின் வேலையா என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சென்ற மாதம் நடந்த ஒரு சம்பவம்தான் என்னை எழுத வைத்தது.

எங்கள் மண்டியில் வாரம் நான்கு மூட்டை உருளைக்கிழங்கு எடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர் அன்று கணக்குத் தீர்க்க வந்தவர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அண்ணாச்சி, நம்ம கிழங்குல என்னமோ கோளாறு இருக்கு. ஒரு அம்மா பேரனுக்கு ஃபிங்கர் சிப்ஸ் போட்டுக் குடுத்தாங்களாம். வெளியில கறுத்துப் போச்சு, உள்ள வேகல, பத்து நிமிஷத்துல துவண்டு போச்சுன்னு மீதிக் கிழங்கைத் திருப்பிக் கொண்டாந்து வச்சுட்டாங்க. காசைக் குடுத்து அனுப்பிட்டேன்" என்றார்.

"காசுதானே, போகட்டும்" என்றேன்.

"காசு போனாப் போகுது அண்ணாச்சி. இப்ப அந்த அம்மா பெரிய கடையில உறைஞ்ச சிப்ஸ் பாக்கெட் வாங்குறாங்க. அங்க போனவங்க அப்படியே துவரம்பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாத்தையும் அங்கேயே வாங்கிட்டு வந்துடுறாங்க. பதினேழு வருஷ வாடிக்கை" என்றார்.

அவர் கொண்டுபோன மூட்டை குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த கிழங்கு. குழம்புக்கும் பொரியலுக்கும் அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சிப்ஸுக்கு அது ஆகாது. அது எனக்குத் தெரியும். அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததால் அந்த அம்மாளிடம் அவரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லாததால் போனது ஒரு குடும்பத்தின் மாத மளிகைக் கணக்கு.

முன்பு நான் செய்த தவறு

இதே தவறை நான் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை செய்தவன். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில் புதிதாகச் சிற்றுண்டிக் கடை திறந்த ஓர் இளைஞர், சிப்ஸ் போடக் கிழங்கு கேட்டு வந்தார். அது புரட்டாசி மாதம். ஆக்ரா பக்கத்துக் கிடங்குக் கிழங்கு லோடு வந்து இறங்கியிருந்தது. தோல் சுத்தமாக, உருண்டையாக, பார்வைக்கு அருமையாக இருந்தது. "இதைவிட நல்ல கிழங்கு கிடையாது" என்று சொல்லி ஐந்து மூட்டை அனுப்பினேன்.

மறுநாளே வந்தார். கையில் ஒரு தட்டு. அதில் கருகிய குச்சிகள் போலச் சிப்ஸ். நான் கிழங்கைப் பார்க்காமலே, "உங்க எண்ணெய் சரியில்ல, அடுப்பு வேகம் அதிகம்" என்று வாதாடினேன். அவர் பேசாமல் போய்விட்டார். பிறகு நம் மண்டிப் பக்கமே வரவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு வேளாண் கண்காட்சியில் விஞ்ஞானி ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "எண்ணெய் மேல குற்றமில்ல, கிழங்குல சர்க்கரை ஏறியிருந்தது" என்றார். அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்த இளைஞரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் கடையை மூடிவிட்டார்.

கிழங்குக்குள் நடப்பது என்ன?

உருளைக்கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. பூமியிலிருந்து எடுத்த பிறகும் கிழங்கு உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது, முளைக்கப் பார்க்கிறது. முளைக்காமல் இருக்க வட மாநிலங்களில் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் அடுக்கி வைக்கிறார்கள். மாசி, பங்குனியில் உள்ளே போகும் கிழங்கு ஐப்பசி, கார்த்திகை வரைகூட வெளியே வந்துகொண்டிருக்கும். நமக்கு வருடம் முழுவதும் தட்டில்லாமல் சரக்குக் கிடைப்பது இதனால்தான்.

ஆனால் அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. கிடங்குக் கிழங்கில் செய்த பொரியல் லேசாகத் தித்திக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள் அல்லவா, காரணம் இதுதான். சுமார் 8 டிகிரிக்குக் கீழே போனாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும்.

இந்தச் சர்க்கரை சூடான எண்ணெயில் புரதச்சத்தின் கூறுகளோடு சேர்ந்து நிறம் பிடிக்கிறது. தோசை பொன்னிறமாவதும் முறுக்கு சிவப்பதும் இதே வகை மாற்றம்தான். அளவோடு இருந்தால் அழகும் மணமும் வரும். சர்க்கரை அதிகமாகிவிட்டால் உள்ளே வேகும் முன்பே வெளிப்புறம் கறுத்துவிடும். கறுக்கிறதே என்று பயந்து சீக்கிரம் எடுத்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வந்து துண்டு துவண்டுவிடும். அந்த அம்மாளுக்கு நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான்.

கிழங்கை வெட்டி வைத்தால் காற்றுப்பட்டுக் கறுப்பது வேறு விஷயம். அதற்குத் தண்ணீரில் போட்டு வைத்தால் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அமெரிக்கக் கடைக்காரர் கற்ற பாடம்

உலகம் முழுவதும் கிளை பரப்பிய மெக்டொனால்டு கடைக்கும் இதே சிக்கல் வந்தது என்றால் நம்புவீர்களா? 1954ஆம் ஆண்டு, மில்க் ஷேக் கலக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ரே கிராக் என்பவர் கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் மெக்டொனால்டு சகோதரர்களின் கடையைப் பார்த்தார். அவர்கள் விற்ற உருளைக்கிழங்கு வறுவலின் மொறுமொறுப்பில் மயங்கி, அந்தக் கடையின் கிளைகளைத் திறக்கும் உரிமையைப் பெற்றார். 1955 ஏப்ரலில் சிகாகோ அருகே டெஸ் பிளெய்ன்ஸ் என்ற இடத்தில் தம் முதல் கடையைத் திறந்தார்.

அதே வகைக் கிழங்கு, அதே வெட்டு, அதே முறை. ஆனால் வறுவல் மட்டும் கூழ் போல வந்தது. சகோதரர்களிடம் கேட்டார், அவர்களுக்கும் காரணம் தெரியவில்லை. பலரிடம் விசாரித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. கலிபோர்னியாவில் அவர்கள் கிழங்கைக் கம்பி வலைத் தொட்டிகளில் வெளியே வைத்திருந்தார்கள். வறண்ட காற்று பட்டுக் கிழங்கின் ஈரம் குறைந்து, சர்க்கரை மாவுச்சத்தாக மாறியிருந்தது. அது அவர்கள் தெரியாமலே செய்த பக்குவம். ரே கிராக் தம் கடையின் நிலவறையில் கிழங்கை வைத்து, மின்விசிறி போட்டுக் காற்றாட விட்டார். வறுவல் சரியாகிவிட்டது.

மண்டியில் கிழங்கைக் காற்றாடப் போடச் சொல்லி நம் பெரியவர்கள் அதட்டுவார்களே, அது அழுகலைத் தடுப்பதற்கு என்றுதான் நாம் நினைத்திருந்தோம். அதில் இப்படியும் ஒரு பலன் இருக்கிறது.

கிளைகள் பெருகியதும் ஒவ்வொரு கடையிலும் கிழங்கைப் பக்குவப்படுத்துவது நடக்காத காரியமாயிற்று. 1960களில் ஐடஹோ மாநிலத்துக் கிழங்கு வணிகரான ஜே. ஆர். சிம்ப்ளாட் என்பவர், தொழிற்சாலையில் வெட்டி, வேகவைத்து, அரைப்பதமாக வறுத்து, உறையவைத்த துண்டுகளைக் கொடுக்க முன்வந்தார். இருவரும் கைகுலுக்கிப் பேசி முடித்த வியாபாரம் அது என்று சொல்வார்கள். அவரும் நம்மைப் போலக் கிழங்கு மூட்டையில் தொடங்கியவர்தான் என்பது எனக்கு ஒரு சந்தோஷம். இந்தியாவில் அந்தக் கடை 1996ல் டெல்லியில் முதலில் திறந்தது. அதன் பிறகுதான் நம் ஊர்க் குழந்தைகளுக்கும் இந்த ருசி பழகியது.

எந்தக் கிழங்கு ஏற்றது?

வாடிக்கையாளர் நம்மிடம் கேட்பது இதைத்தான். இதற்கு மட்டும் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தால் போதும், பாதி வியாபாரம் முடிந்தது.

சிப்ஸுக்கு இரண்டு குணம் வேண்டும். ஒன்று, சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். இரண்டு, தண்ணீர் போக மிஞ்சும் உலர்சத்து அதிகமாக, நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தண்ணீர்க் கிழங்கு எண்ணெயைக் குடிக்கும், மொறுமொறுப்பு நிற்காது.

நீலகிரிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிகள் வழியாக நமக்கு வருகிறது. பெரும்பாலும் குளிர்பதனம் இல்லாமல் புதிதாக வருவதால் சர்க்கரைத் தொல்லை குறைவு. ஆனால் மழைக்காலத்தில் முற்றாமல் பிடுங்கிய கிழங்கில் தண்ணீர் மிகுந்திருக்கும். நகத்தால் கீறினால் தோல் உரிந்து வரும் கிழங்கு முற்றாதது. அதைச் சிப்ஸுக்குக் கொடுக்காதீர்கள்.

வட மாநிலப் புதுக்கிழங்கு தை முதல் பங்குனி வரை வரும். முற்றிய கிழங்காகப் பார்த்து எடுத்தால் நன்றாகவே வரும். அதே கிழங்கு கிடங்குக்குப் போய் ஆடி, ஆவணியில் வெளியே வரும்போது சர்க்கரை ஏறியிருக்கும்.

சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் சிப்ஸுக்கென்றே சில ரகங்களைத் தந்திருக்கிறது. 1998ல் வெளியான குப்ரி சிப்சோனா ரகங்கள் வட்டச் சிப்ஸுக்கு ஏற்றவை. குப்ரி ஃப்ரைசோனா என்ற நீளமான ரகம் விரல் சிப்ஸுக்கென்றே வந்தது. குஜராத்தில் தொழிற்சாலைகளுக்காகச் சந்தனா என்ற வெளிநாட்டு ரகமும் பயிராகிறது. இந்த ரகங்களைக் கடுங்குளிரில் வைப்பதில்லை. 10 முதல் 12 டிகிரியில், முளைப்பைத் தடுக்கும் மருந்து கொடுத்து வைக்கிறார்கள். இவற்றில் பெரும்பகுதி ஒப்பந்தப்படி ஆலைகளுக்கே போய்விடுவதால் நம் மண்டிக்கு வருவது குறைவு. வந்தால் ரகத்தின் பெயரைச் சொல்லி விற்கலாம்.

கிடங்குக் கிழங்குதான் கையில் இருக்கிறது என்றால் வழியில்லாமல் இல்லை. இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் சாதாரண வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்திருந்தால், ஏறிய சர்க்கரையில் ஒரு பகுதி மீண்டும் மாவுச்சத்தாகும். ரே கிராக் செய்ததும் இதே போன்ற பக்குவம்தான். நெடுநாள் கிடந்து கிழடு தட்டி முளைவிட்ட கிழங்குக்கு இந்த வைத்தியம் பலிக்காது. வீட்டில் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது. அதுவும் சர்க்கரையை ஏற்றும் வேலைதான். "சிப்ஸ் போடுற கிழங்கை ஃப்ரிட்ஜுல வைக்காதீங்கம்மா" என்று கல்லாவில் இருந்தபடி சொல்லிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர்ச் சோதனை

கிழங்கில் உலர்சத்து எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 125 கிராம் உப்பைக் கரையுங்கள். கிழங்கைக் கழுவித் துடைத்து அதில் விடுங்கள். அடியில் போய் உட்கார்ந்தால் உலர்சத்து மிகுந்த நல்ல கிழங்கு. மிதந்தால் தண்ணீர் அதிகம். அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்து தண்ணீரைவிட கனம் என்பதுதான் கணக்கு. ஒரு மூட்டையிலிருந்து அங்கங்கே பத்துக் கிழங்கு எடுத்துப் பார்த்தால் மூட்டையின் குணம் தெரிந்துவிடும். ஏழெட்டு அடியில் நின்றால் தைரியமாகச் சிப்ஸுக்குக் கொடுக்கலாம்.

சர்க்கரையை அறிய இதைவிட எளிய வழி, ஒரு துண்டை எண்ணெயில் போட்டுப் பார்ப்பதுதான். எதிர்க்கடை டீ மாஸ்டரிடம் கொடுத்தால் வடைச் சட்டியில் போட்டுக் காட்டிவிடுவார். மூன்று நிமிடத்துக்குள் பழுப்பேறினால் அது கிடங்குக் கிழங்கு.

வீட்டில் செய்யும் முறை

இனிச் செய்முறைக்கு வருகிறேன். என் பேத்தி விடுமுறைக்கு வந்தபோது வீட்டம்மாளும் நானும் நான்கு தடவை செய்து பார்த்துச் சரிப்படுத்திய முறை இது. முதல் தடவை நான் சொன்னபடி செய்து கெட்டது. அதனால் மூன்று தடவை அவர் சொன்னபடி செய்தோம். தொழிற்சாலைகள் செய்வதன் சாரமும் இதுதான்.

ஒரு கிலோ கிழங்கைத் தோல் சீவி, சுண்டுவிரல் கனத்தைவிடச் சற்று மெல்லிதாக, அதாவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் கனத்தில் நீளத் துண்டுகளாக வெட்டவும். எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று கருகும், ஒன்று வேகாது. தொழிற்சாலையில் தண்ணீரின் வேகத்தோடு கிழங்கைக் கத்திகளின் ஊடே பாயவிட்டு வெட்டுகிறார்கள்.

வெட்டிய துண்டுகளைத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசி, அரை மணி நேரம் ஊறவைக்கவும். மேலே ஒட்டிய மாவும் கொஞ்சம் சர்க்கரையும் கழுவப்படும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

பிறகு இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி உப்பு சேர்த்துத் துண்டுகளைப் போட்டுக் கொதிக்கவிடவும். கொதி வந்ததும் தீயைத் தணித்து, துண்டு வெந்தும் உடையாமலும் இருக்கும் பதத்துக்குச் சுமார் பத்து நிமிடம் வைக்கவும். இங்கேதான் வினிகரின் வேலை. கிழங்கின் அணுக்களைச் சிமெண்டு போலப் பிடித்து வைத்திருக்கும் பொருள் வெந்நீரில் கரையும். புளிப்பு சேர்ந்தால் மெதுவாகவே கரையும். அதனால் உள்ளே வெந்தாலும் துண்டு உடையாது. புளி போட்ட குழம்பில் கிழங்கு சீக்கிரம் குழையாது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதே காரணம்தான்.

வெந்த துண்டுகளை வடித்து, சுத்தமான துணியில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிடவும். ஈரம் ஆவியாகப் போக வேண்டும்.

வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டு ஒரு நிமிடம் மட்டும் வறுத்து எடுக்கவும். நிறம் மாறக் கூடாது. இது முதல் வறுவல். வெளிப்புறத்து மாவு வெந்து ஒரு மெல்லிய தோலாகப் படியும். அரை மணி நேரம் ஆறவிட்டுத் தட்டில் ஒட்டாமல் பரப்பி, உறைநிலைப் பெட்டியில் ஓர் இரவு வைக்கவும். துண்டுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அணுக்களைக் கிழிக்கும். மறுபடி எண்ணெயில் விழும்போது ஈரம் எளிதாக வெளியேறும். உள்ளே பஞ்சு போலவும் வெளியே மொறுமொறுப்பாகவும் வருவது இதனால்தான். நாங்கள் முதல் தடவை கெடுத்தது இந்த இடத்தில்தான். பேத்தி அவசரப்படுத்தினாள் என்று உறையவைக்காமலே வறுத்தோம். சுமாராக இருந்தது, அவ்வளவே.

மறுநாள் எண்ணெயை 180 டிகிரி அளவுக்குக் காயவைத்து, உறைந்த துண்டுகளை அப்படியே போட்டு மூன்று நான்கு நிமிடம் வறுக்கவும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துண்டைப் போட்டுப் பார்க்கலாம். உடனே சுற்றிலும் நுரைத்து மேலே வந்தால் பதம். புகை வந்தால் சூடு மிஞ்சிவிட்டது. ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் போடக் கூடாது. அதிகம் போட்டால் சூடு இறங்கி, துண்டு எண்ணெயைக் குடிக்கும். எடுத்ததும் சூட்டோடு தூள் உப்புத் தூவ வேண்டும். ஆறிய பிறகு தூவினால் ஒட்டாது.

ஒரு கிலோ கிழங்கில் தோலும் ஈரமும் போக எங்களுக்கு ஏறக்குறைய பாதி எடைதான் கிடைத்தது. இதையும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எடையில் குறை வைத்தோம் என்று நினைப்பார்கள்.

எச்சரிக்கை ஒன்று. உறைந்த துண்டில் பனி ஒட்டியிருந்தால் உதறிவிட்டுப் போட வேண்டும். பனியோடு போட்டால் எண்ணெய் பொங்கித் தெறிக்கும். வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றக் கூடாது. தப்பித்தவறி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, கனத்த மூடியால் மூடிவிட வேண்டும்.

எண்ணெயும் நிறமும்

சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பாமாயில் மூன்றுமே இதற்கு ஏற்றவை. புகையும் சூடு உயர்ந்தவை. செக்கு எண்ணெய் மணமானது என்றாலும் சீக்கிரம் புகையும். தாளிக்கவும் குழம்புக்கும் அது உகந்தது.

வறுவல் பொன்மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கிழங்கு போன்ற மாவுப்பொருள்களை 120 டிகிரிக்கு மேல் வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது என்று 2002ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். உடலுக்கு நல்லதல்ல என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது. சர்க்கரை ஏறிய கிழங்கிலும், கறுக்க வறுத்ததிலும் இது அதிகம். அலசி, ஊறவைத்து, வெந்நீரில் போட்டு எடுப்பதால் இதுவும் குறைகிறது.

வறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதும் கூடாது. உணவு வணிகர்களுக்கு இதில் சட்டமே இருக்கிறது. எண்ணெயில் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. கடையிலேயே வடை, சிப்ஸ் போடும் நம் உறுப்பினர்கள் இதை மறக்கக் கூடாது.

உறைந்த பாக்கெட் விற்பவர்களுக்கு

நம்மில் சிலர் இப்போது உறைநிலைப் பெட்டி வாங்கி வைத்து பாக்கெட் சிப்ஸும் விற்கிறார்கள். தவறில்லை. ஆனால் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் பெட்டியை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. என் சொந்தக்காரர் கடையிலேயே பார்த்தேன். அந்தச் சரக்கு மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது. இரவில் இளகி, காலையில் மறுபடி உறைந்தால் துண்டுகள் ஒன்றாக ஒட்டிக் கட்டியாகும். பாக்கெட்டுக்குள் பனிப்பொடி சேரும். வறுத்தால் துவண்டு போகும். நெடுநேரம் இளகியிருந்தால் உடம்புக்கும் கேடு. பாக்கெட்டைக் குலுக்கினால் துண்டுகள் தனித்தனியாகச் சத்தம் போட வேண்டும். கட்டியாக இருந்தால் அதை விற்காதீர்கள். நிறுவனத்திடமிருந்தே அப்படி வந்தால் வாங்காதீர்கள்.

பாக்கெட்டில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் படித்துப் பாருங்கள். அமெரிக்காவில் மெக்டொனால்டு நிறுவனம் 1990ல் மாட்டுக்கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. ஆனாலும் சுவைக்காக மாட்டிறைச்சிச் சாரம் சேர்ந்திருந்தது பிறகு தெரியவந்து, சைவ உணவுக்காரர்களும் இந்துக்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2002ல் அந்த நிறுவனம் ஒரு கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. இந்தியாவில் விற்கும் வறுவலில் அப்படி எதுவும் சேர்ப்பதில்லை என்று அப்போதே சொன்னார்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து, கேட்பவருக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் நம்மேல் நம்பிக்கை கூடும்.

கடையில் கிழங்கை வைக்கும் விதம்

கிழங்கை வெயில் படும்படி வாசலில் பரப்பி வைப்பது நம்மிடம் உள்ள பழக்கம். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகும். பச்சை ஏறிய கிழங்கில் சோலனைன் என்ற கசப்பு நச்சுப்பொருள் சேரும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதும் போகாது. மிகவும் பச்சையான கிழங்கைக் கழித்துவிட வேண்டும். பார்வைக்குக் கொஞ்சம் வெளியே வைத்து, மீதியைச் சாக்குப் போட்டு மூடிக் காற்றோட்டமாக உள்ளே வையுங்கள். வெங்காய மூட்டையோடு சேர்த்து அடுக்காதீர்கள். கிழங்கிலிருந்து வரும் ஈரத்தில் வெங்காயம் அழுகும்; கிழங்கும் கெடும்.

நாம் செய்யக்கூடியது

இவ்வளவும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கிழங்கு, எண்ணெய், வினிகர், உப்பு நான்கும் நம் கடையில் இருக்கிறதே. அதற்கு மேலாக, பெரிய கடையில் அலமாரி பேசாது, நாம் பேசலாம்.

மண்டியில் எடுக்கும்போது "இது புதுக்கிழங்கா, கிடங்கா, எந்த ஊர்?" என்று கேளுங்கள். கேட்டால் சொல்ல வேண்டியது மண்டிக்காரரின் கடமை. கடையில் இரண்டு கூடை வையுங்கள். ஒன்றில் குழம்புக்கு என்றும் மற்றொன்றில் சிப்ஸுக்கு என்றும் அட்டையில் எழுதி வையுங்கள். உப்புத் தண்ணீரில் சோதித்ததைச் சிப்ஸ் கூடையில் போடுங்கள். அதற்குக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாக வைத்தாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். நல்ல கிழங்கு இல்லாத மாதத்தில் "இப்ப சிப்ஸுக்கு ஏத்த கிழங்கு இல்லைம்மா" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ஒரு கிலோ வியாபாரம் போகும். அந்த அம்மாள் மறுவாரமும் வருவார்.

என் பங்குக்கு, சென்ற மாதத்திலிருந்து எங்கள் மண்டியில் இறங்கும் ஒவ்வொரு லோடுக்கும் ஊர், புதுசா கிடங்கா என்பதைச் சிட்டையிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். கணக்குப் பிள்ளைக்கு வேலை கூடியதில் கொஞ்சம் வருத்தம்தான். முதலில் சொன்ன அந்தக் கடைக்காரருக்கு நீலகிரிக் கிழங்கு ஒரு மூட்டை தனியாகப் பொறுக்கி அனுப்பினேன். அதில் இரண்டு கிலோவை அவர் அந்த அம்மாள் வீட்டுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, செய்முறையையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். காசு வாங்கவில்லையாம்.

போன வாரம் கணக்குத் தீர்க்க வந்தபோது, "என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"பேரன் சாப்பிட்டானாம் அண்ணாச்சி. வினிகர் பாட்டில் ஒண்ணு வாங்கிட்டுப் போனாங்க. பருப்பு இன்னும் வாங்கல. பார்ப்போம்" என்றார்.